அத்தியாயம் 6: விலையைக் கேட்குமுன் கெடுவைக் கேளுங்கள்

களியக்காவிளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். தென்னையில் ஆணி அடித்து மாட்டிய தகரப் பலகைகள் கண்ணில் படும். முதலில் தமிழில் ‘வீடும் மனையும் விற்பனைக்கு’, கொஞ்ச தூரம் போனால் அதே வாசகம் மலையாளத்தில், அடியில் ஒரு போன் நம்பர். சில பலகைகளில் கடைசி இரண்டு எண்கள் மழையில் கரைந்துபோயிருக்கும். அத்தனை நாளாகத் தொங்குகிறது. தரகரைக் கேட்டால், “மார்க்கெட் டல்லாக்கும் சார்” என்பார். ஆனால் அதே வாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால், பத்திரம் எழுதுபவரின் மேஜையைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். யாரோ வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மந்தமான நேரத்திலும் வாங்குகிற இவர்கள் யார், ஏன் வாங்குகிறார்கள் என்பது தெரியாமல் இந்தப் பக்கத்தில் விலை பேச உட்காரக் கூடாது. நகரத்து அடுக்குமாடிச் சந்தையில் முதலீட்டுக்காரர்கள் உண்டு. விலை ஏறும் என்றால் வருவார்கள், இறங்கும் என்றால் ஒதுங்குவார்கள். பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், குன்னத்துக்கால் போன்ற பஞ்சாயத்துகளில் அந்த வகை ஆள் குறைவு. இங்கே வாங்குகிறவர் கையில் விலைப் பட்டியல் இருக்காது, ஒரு தேதி இருக்கும். அதைத்தான் கெடு என்கிறேன். சந்தை மந்தமானால் ஆசைக்கு வாங்குகிறவர்கள் மறைந்துபோகிறார்கள். கெடு உள்ளவர்கள் மிஞ்சுகிறார்கள்.

வாங்குகிறவர்களின் கெடு

முதல் கெடு கல்யாணம். இந்த ஊர்களில் கல்யாணப் பத்திரிகையில் ஆளின் பெயரை ஒட்டி வீட்டுப்பெயரும் வரும். பெரும்பாலும் ஏதாவது ஒரு ‘விளை’யில் முடியும். வாடகை வீட்டுக்கு வீட்டுப்பெயர் கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களை வாடகை வீட்டுத் திண்ணையில் உட்கார வைக்க மனமில்லாமல், பையனுக்கு இருபத்தேழு ஆனதும் வீடு தேடத் தொடங்கும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்தக் குடும்பத்துக்கு வட்டி விகிதம் இரண்டாம்பட்சம்.

இரண்டாவது கெடு மே 31. கேரள அரசு ஊழியர்களில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள் 56 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியை மே மாதத்தில் எழுதிவிடுவது வழக்கம். அதனால் ஆண்டுதோறும் மே கடைசி நாளில் ஒரு பெரிய கூட்டம் ஒன்றாக ஓய்வு பெறுகிறது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கும் மற்ற அலுவலகங்களுக்கும் காலை ரயிலில் போய்வரும் ஊழியர்கள் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ஏராளம். 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரிப் பாதை வந்ததிலிருந்து இருக்கிற பழக்கம் அது. பணிக்கொடைப் பணம் கைக்கு வரும் சில மாதங்களில் சின்ன வீடுகளைக் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். நீங்கள் வாங்குகிறவராக இருந்தால் அவர்களோடு போட்டி போட வேண்டாம்.

மூன்றாவது வளைகுடா. 2023-ஆம் ஆண்டின் கேரளப் புலம்பெயர்வு ஆய்வு, கேரளத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணத்தை 2 லட்சத்து 16 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல் என்று கணக்கிட்டது. 2018-இல் அது 85 ஆயிரம் கோடி. அந்தப் பணத்தின் ஒரு கிளை இந்த எல்லைக்கும் வருகிறது. வளைகுடாக்காரரின் கெடு விசா முடியும் தேதி அல்லது ஒரு மாத லீவு. லீவில் வந்தவர் மூன்றாவது வாரத்தில் அவசரப்படுவார். திரும்பிப் போகுமுன் ‘ஒரு காரியம்’ முடித்திருக்க வேண்டும் என்று மனசு சொல்லும். இந்த அத்தியாயத்தைப் படிப்பவர்களில் நீங்கள் அப்படி ஒருவர் என்றால், இந்த லீவில் வீடு பாருங்கள், அடுத்த லீவில் பதியுங்கள். மந்தமான சந்தை உங்களுக்குத் தரும் ஒரே பரிசு அவகாசம்தான்.

நான்காவது ஓகரி பிரிப்பு, அதாவது குடும்பச் சொத்தில் பங்கு பிரிப்பது. விற்பனைப் பத்திரம் என்ற பெயரில் பதிவாகிறவற்றில் சில உண்மையில் வீட்டுக்குள்ளேயே நடப்பவை. அண்ணன், தங்கையின் பங்கை வாங்குவார். அல்லது பூர்வீகத்தில் ஓகரி கிடைத்த மகள், அந்தப் பணத்தைக் கொண்டு பக்கத்து ஊரில் ஒரு வீட்டை வாங்குவாள். ஒரு பிரிப்பு நடந்தால் இரண்டு மூன்று வாங்கல் விற்றல் அதன் பின்னால் வரிசையாக வரும். சந்தை தூங்கினாலும் குடும்பங்கள் பிரிவது நிற்பதில்லை.

ஐந்தாவதாகச் சின்னதாக ஒன்று. காரக்கோணத்தில் தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டத்தில் மாணவர்களுக்கும் நர்சுகளுக்கும் வாடகைக்கு விட என்றே சிலர் வாங்குகிறார்கள். கல்லூரி வாசலிலிருந்து நடக்கிற தூரத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

விற்கிறவர்களின் கெடு

மந்தமான சந்தையில் விலை பலகையில் இறங்காது, மேஜையில்தான் இறங்கும். மலையாளியோ தமிழரோ, ‘செண்டுக்கு இவ்வளவு’ என்று ஒரு முறை வாயால் சொன்னதை இறக்கிச் சொல்வது இங்கே கௌரவக் குறைச்சல். பக்கத்து விளைக்காரர் போன வருஷம் எந்த விலைக்கு விற்றாரோ, அதைவிடக் குறைத்துச் சொன்னால் ஊர் என்ன பேசும் என்ற பயம். ஆகவே பலகையில் பழைய விலையே நிற்கும். கெடு நெருங்கியவர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குறைப்பார்.

இன்று அந்தக் கெடு பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளின் படிப்பிலிருந்து. மேலே சொன்ன அதே ஆய்வின்படி, கேரளத்திலிருந்து படிக்கப் போய் வெளிநாட்டில் இருக்கும் மாணவர்கள் 2018-இல் சுமார் 1.3 லட்சம் பேர், 2023-இல் சுமார் 2.5 லட்சம் பேர். இந்தப் பிள்ளைகள் இங்கே வீடு கட்டப் போவதில்லை, ஆனால் கட்டணம் கட்ட வேண்டிய தேதி இருக்கிறது. பதினைந்து செண்டில் ஐந்தைப் பிரித்து விற்கும் அப்பா, கல்லூரி திறக்கும் மாதத்துக்குள் பணத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு வகை, அம்மா அப்பா காலமான பின் பூட்டிக் கிடக்கும் வீடு. 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் ஏறத்தாழ 12 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருந்தன. பூட்டிய வீட்டுக்கு அரசு தனி வரி போடப் போவதாக 2023 பட்ஜெட்டில் சொல்லி, பிறகு கைவிட்டது. வரி வராவிட்டாலும் செலவு வருகிறது. இரண்டு மழைக்காலம் பூட்டிக் கிடந்தால் ஓட்டு வீட்டின் கழுக்கோல் போய்விடும்.

ஆகவே முதல் சந்திப்பில் ‘கடைசி விலை என்ன’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான். ‘எதுக்காக்கும் கொடுக்கிறிய?’ என்று கேளுங்கள். பக்கத்துப் பெட்டிக்கடையிலும் கேளுங்கள். விற்பவருக்குத் தேதி இருந்து உங்களுக்குத் தேதி இல்லை என்றால், பேச்சு உங்கள் பக்கம். இருவருக்கும் தேதி இருந்தால் தரகர் பக்கம். ஆடி மாதம் நமக்கு ஆகாது, மலையாளிகளுக்கு அதே நாட்கள் கர்க்கடகம், அவர்களுக்கும் ஆகாது. இரண்டு பேருக்கும் ஆகாத அந்த ஒரு மாதத்தில் பலகைகளைச் சீந்த ஆளிருக்காது. ஆடியில் பேசி முடித்து ஆவணியில் பதிவது என் பழக்கம்.

வட்டியா, விலையா

ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ விகிதத்தை 6.5-இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. வட்டி இன்னும் இறங்கட்டும், அப்போது வாங்கலாம் என்று காத்திருப்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 ஆண்டுக்கு 30 லட்சம் கடன் என்றால், 8.5 சதவீதத்தில் மாதத் தவணை 26,035 ரூபாய். 7.5 சதவீதத்தில் 24,168. ஒரு முழு சதவீதம் இறங்கினால் மாதம் சுமார் 1,870 மிச்சம். இதே மிச்சம் 8.5 சதவீதத்திலேயே கிடைக்க, கடனை 2 லட்சத்து 15 ஆயிரம் குறைத்தால் போதும். அதாவது கெடு நெருங்கிய ஒருவரிடம் விலையில் இரண்டு லட்சம் குறைத்துப் பேசுவதும், ரிசர்வ் வங்கி ஒரு சதவீதம் இறக்குவதும் உங்கள் பாக்கெட்டுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. பிறகு வட்டி இறங்கினால் மாறும் வட்டிக் கடனில் அதுவும் தானே வந்து சேரும். அந்த வகைக் கடனை முன்கூட்டி அடைத்தாலும் தனிநபருக்கு அபராதம் கிடையாது.

கைக்காசு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 40 லட்சத்து வீட்டுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம், 32 லட்சம் தரலாம். மிச்சம் 8 லட்சம். அதோடு கேரளத்தில் முத்திரைத்தாள் 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4 லட்சம். இந்த 4 லட்சத்தை வங்கி வீட்டு மதிப்பில் சேர்க்காது. பத்திரம் எழுதும் கூலி, தரகு, பெயிண்ட், கிணற்றுக்கு மோட்டார் என்று போனால் பதின்மூன்று லட்சமாவது கையில் இல்லாமல் இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வாங்கத்தான் வேண்டுமா? அதே வீட்டுக்கு மாதம் 10,000 வாடகை என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 1.2 லட்சம், வீட்டு விலையில் 3 சதவீதம். கடன் வட்டியோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வெறும் கணக்கு வாடகை வீட்டுக்குத்தான் ஓட்டுப் போடும். இதை வாங்க வருகிறவர்களிடம் நான் ஒளிப்பதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஊர் மாற வாய்ப்பு இருந்தால் வாடகையோ ஒத்தியோ போதும். ஒத்தி என்றால் பதிவு செய்த ஒத்தி. வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த ஒத்திப் பணம் திரும்பி வர, வீட்டுக்காரரின் நல்ல மனசு ஒன்றுதான் ஈடு. பத்து ஆண்டுக்கு மேல் அங்கேயே இருப்பீர்கள், பிள்ளைகளின் பள்ளி அங்கே, கல்யாணம் அங்கே என்றால் வாங்குங்கள். அப்போது நீங்கள் வாங்குவது அந்த இடத்தில் இருப்பதை. அதற்கு விலை உண்டு என்று தெரிந்து கொடுப்பதில் தவறில்லை.

‘போர்ட் வந்தாச்சுல்லா’

விழிஞ்ஞம் நெய்யாற்றின்கரை வட்டத்தில்தான் இருக்கிறது. துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை முக்கோலை தாண்டி காரோடு வரை கான்கிரீட் சாலையாக வந்து நிற்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து பாலராமபுரத்துக்கு, பெரும்பகுதி சுரங்கமாக, 10.7 கிலோமீட்டர் ரயில்பாதை திட்டத்தில் இருக்கிறது. இத்தனையும் உண்மை. தரகர் இந்த உண்மைகளை வைத்துத்தான் செண்டுக்கு ஐம்பதாயிரம் கூட்டுவார்.

என் கருத்து: குடியிருக்க வாங்குகிறவர் துறைமுகத்துக்காக ஒரு பைசா கூட்டிக் கொடுக்கக் கூடாது. கண்டெய்னர் லாரி ஓடும் சாலைக்குப் பக்கம் கோடவுனுக்குத்தான் மதிப்பு, குழந்தை தூங்கும் அறைக்கு இல்லை. மேலும் பெரிய திட்டம் வரும் இடத்தில் நிலம் கையகப்படுத்தலும் வரும். மனை எந்தச் சாலையின், எந்த ரயில்பாதையின் அளவுக்கல்லுக்குள் விழுகிறது என்பதை வில்லேஜ் ஆபீசில் சர்வே எண் சொல்லிக் கேளுங்கள். “அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்” என்று தரகர் சொல்வது பதில் ஆகாது.

பொழியூர், குளத்தூர் கடலோரத்துக்கு ஒரு வார்த்தை. கடல் அங்கே வீடுகளை எடுத்துக்கொண்டே இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை விதி ஒருபுறம் இருக்க, கடந்த ஐந்து ஆண்டில் அலை எதுவரை வந்தது என்று வலை பின்னும் ஒருவரிடம் கேட்டாலே முடிவு தெரிந்துவிடும்.

நிலம் என்றால் நிலம் அல்ல

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். நானே இதில் அடி வாங்கியவன்.

பல ஆண்டுக்கு முன் எல்லைக்கு வடக்கே எட்டு செண்ட் பார்த்தேன். தென்னையும் வாழையும் நின்றன. வறண்ட மேட்டு மண். கர (நிலவரி) ரசீதில் ‘நிலம்’ என்று போட்டிருந்தது. நிலத்தை நிலம் என்று போடாமல் வேறென்ன போடுவார்கள் என்று தமிழ்க் காதால் கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கேரள வருவாய்ப் பதிவேட்டில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். கரை மண்ணுக்கு, நாம் விளை என்று சொல்வதற்கு, அவர்கள் எழுதுவது ‘புரையிடம்’. எட்டு செண்டில் வீட்டுக்கு அனுமதி கேட்டபோதுதான் இந்தப் பாடம் கிடைத்தது. அட்வான்ஸில் பாதியைத் திருப்பி வாங்குவதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

கேரளத்தின் நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம் 2008-இல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ‘டேட்டா பேங்க்’ என்ற நெல்வயல் பட்டியல் உண்டு, கிருஷி பவனில் பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் சர்வே எண் மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்கும். ரசீதில் ‘புரையிடம்’ என்றிருந்து பட்டியலிலும் இல்லை என்றால் நிம்மதி. ‘நிலம்’ என்றிருந்து பட்டியலில் இல்லை என்றால், வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்து வகை மாற்றலாம். 2017 டிசம்பர் 30 அன்று 25 செண்டுக்குள் தனித் துண்டாக இருந்ததற்குக் கட்டணம் கிடையாது, அதற்கு மேல் உண்டு. இந்த வேலையை விற்பவர் தன் பெயரில் முடித்துத் தரட்டும், அதன் பிறகு பதியுங்கள். மந்தமான சந்தையில் இதைக் கேட்கும் துணிச்சல் உங்களுக்கு இருக்க வேண்டும். மூன்றாவது, பட்டியலிலேயே நெல்வயலாக இருப்பது. சொந்த வீட்டுக்குப் பஞ்சாயத்தில் 10 செண்ட், நகராட்சியில் 5 செண்ட் வரை அனுமதி என்று ஒரு பிரிவு உண்டுதான். ஆனால் அது வேறு இடமில்லாத வயற்காரருக்காக எழுதியது. அதை நம்பி வயலை வாங்கப் போகாதீர்கள், எவ்வளவு மலிவானாலும்.

கட்டிய வீடே என்றாலும் இந்தச் சோதனை வேண்டும். ‘நிலம்’ என்ற தாளில் நிற்கும் வீட்டைப் பார்த்ததும் வங்கி மேலாளரின் முகம் மாறும்.

அளவிலும் ஒரு சிக்கல். வாயால் பேசுவது செண்ட், கேரளப் பத்திரத்தில் எழுதுவது ஆர். ஒரு ஆர் 2.47 செண்ட், ஆகவே 10 செண்ட் என்றால் தாளில் 4.05 ஆர் இருக்க வேண்டும். 3.80 என்று இருந்தால் அரை செண்டுக்கு மேல் எங்கோ போயிருக்கிறது, பெரும்பாலும் வழிக்கு.

வழி என்றதும் நினைவு வருகிறது. இந்த ஊர்களின் நில அமைப்பே மேடும் பள்ளமும்தான். பின்னால் இருக்கும் வீட்டுக்குப் போக, முன்னால் இருப்பவரின் விளை ஓரமாக ஒரு நடைவழி இருக்கும். முப்பது ஆண்டாகக் காரும் போகிறதே என்பார்கள். பத்திரத்தில் வண்டிவழி என்று அகலத்தோடு எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் முன் வீட்டுக்காரர் விற்கும் நாளில் புதியவர் வேலி போடுவார். அவர் வேலி போட்ட பிறகு உங்கள் வீட்டின் விலை என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வழி எழுத்தில் இல்லாத வீட்டை முன் வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் வாங்க வேண்டாம்.

கையெழுத்து என்றால் சகோதரிகளுடையதும்தான். அப்பா பெயரில் இருந்த மனையை அண்ணன் தம்பிகள் மட்டும் சேர்ந்து விற்பது பழைய வழக்கம். பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, அவளுக்கு இனி என்ன என்ற வாதம். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் இனிச் செல்லாது என்று சொல்லிவிட்ட பிறகு, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. வாரிசுச் சான்றில் இருக்கும் பெயர்களையும் பத்திரத்தில் கையெழுத்திடும் பெயர்களையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். கட்டிக் கொடுத்து மும்பையில் இருக்கும் அக்காவின் பெயர் விடுபட்டிருந்தால் அவர் வரும்வரை காத்திருங்கள்.

விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இன்னொன்று. உள்ளூர்க்காரரிடம் வாங்கும்போது 50 லட்சம் எட்டினால்தான் 1 சதவீத வரிப் பிடித்தம். வெளிநாட்டில் இருப்பவரிடம் வாங்கும்போது அந்த வரம்பு இல்லை. எந்தத் தொகையானாலும் மூலதன ஆதாய வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியது வாங்குகிறவர். இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த சொத்துக்கு 12.5 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரிகள். விற்பவர் வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கி வந்தால் குறைத்துப் பிடிக்கலாம். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் துபாய்க்குப் போகாது, பாறசாலைக்கு வரும். அவர் சார்பில் பவர் ஆப் அட்டர்னியோடு வரும் மச்சான் கையெழுத்திடலாம், ஆனால் அது பதிவான விற்பனைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். பவரையே விற்பனையாகக் காட்டி வீட்டை ஒப்படைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லியாயிற்று.

அரசின் லைஃப் திட்டத்தில் 4 லட்சம் உதவியோடு கட்டிய வீடுகளும் சில நேரம் தரகர் வாயில் வரும். குறிப்பிட்ட ஆண்டுகள் விற்கத் தடை உள்ளவை அவை. கேட்டதும் நடையைக் கட்டுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஒரு ஓடையைத் தாண்டினால் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முன் இரண்டும் ஒரே திருவிதாங்கூர். அதனால் அந்தப் பக்கத்துப் பழைய பிரமாணமும் (பத்திரமும்) மலையாளத்தில் இருக்கும், தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் நம் ஆண்டு வரும். 1132 என்றால் 1956–57.

பதிவுச் செலவில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் 2023 முதல் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 40 லட்சத்து வீட்டில் கேரளத்தைவிட 40,000 மிச்சம், அவ்வளவுதான். இந்த 40,000-க்காக எல்லை தாண்ட வேண்டாம். பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள், ரேஷன் அட்டை எங்கே, வேலைக்கு எந்த ரயில் என்பதை வைத்து எல்லையைத் தேர்ந்தெடுங்கள். தமிழகப் பக்கத்தில் மனை என்றால் அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டா என்று பார்க்க வேண்டும். மலையோரக் கிராமங்களில் மலைப்பகுதிப் பாதுகாப்பு, தனியார் காடுகள் சட்டம் என்று தனி அனுமதிகள் உண்டு. அதை அடுத்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்ப்போம்.

பத்திரம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், அதைச் சுருக்கிச் சொல்லக் கேட்காதீர்கள். வாசிக்கச் சொல்லுங்கள், முதல் வரியிலிருந்து நான்கு எல்லை வரை. ஒரு முறை நண்பர் ஒருவருக்காக வாசித்தபோது, கிழக்கு எல்லையில் ‘கிணறு நீங்கலாக’ என்று ஒரு சொல் இருந்தது. வீட்டைப் பார்த்தபோது அந்தக் கிணற்றைக் காட்டித்தான் விலை சொல்லியிருந்தார்கள்.

அட்வான்ஸிலிருந்து போக்குவரவு வரை

இடத்தை இரண்டு முறையாவது பாருங்கள். ஒரு முறை ஐப்பசி மழை கொட்டும்போது, தண்ணீர் எந்தச் சுவரை ஒட்டி இறங்குகிறது என்று பார்க்க. இன்னொரு முறை பங்குனிக் கடைசியில், கிணற்றில் கயிறு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க. மந்தமான சந்தையில் இரண்டு பருவம் காத்திருக்கலாம், வீடு ஓடிவிடாது.

விலை படிந்ததும் உடம்படி (விற்பனை ஒப்பந்தம்) எழுதும்போது அட்வான்ஸைக் குறைவாகக் கொடுத்து அவகாசத்தை அதிகமாகக் கேளுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்குத் தடை, ஆகவே வங்கி வழியாகக் கொடுங்கள். முன்பத்திரங்கள், முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று, நடப்பு ஆண்டுக் கர ரசீது, கைவசச் சான்று, வீட்டு நம்பர் போட்ட பஞ்சாயத்து வரி ரசீது. இத்தனையும் அசலில் பார்க்கும்வரை பெரிய தொகை நகரக் கூடாது. ‘வகை மாற்றம், வழி, சகோதரிகளின் கையெழுத்து இவற்றில் ஏதாவது கெடுவுக்குள் முடியாவிட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும்’ என்ற வரியை உடம்படியில் சேர்க்கச் சொல்லுங்கள். எனக்கு அந்த வரி இல்லாமல்தான் பாதிப் பணம் போனது.

பதிவு முடிந்த அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேலை முடியவில்லை. வில்லேஜ் ஆபீசில் போக்குவரவு (பெயர் மாற்றம்) செய்து, உங்கள் பெயரில் தண்டப்பேர் (நிலவரிக் கணக்கு) எண் விழுந்து, கரத்தை உங்கள் பெயரில் கட்டிய ரசீது கையில் வர வேண்டும். பஞ்சாயத்தில் வீட்டு உரிமையையும் மின்வாரியத்தில் இணைப்பையும் மாற்ற வேண்டும். அந்த முதல் கர ரசீதில் ‘புரையிடம்’ என்ற சொல்லும், ஆர் கணக்கும், உங்கள் பெயரின் எழுத்தும் சரியாக இருக்கின்றனவா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பாருங்கள். அங்கேயே நின்று திருத்தினால் அரைமணி நேரம். வீட்டுக்கு வந்து பார்த்தால் தனி மனு.